எதிரணிக்கு நெய்த சால்வை

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பட்டு நெய்கிற ஆரணியில், பட்டு நெய்கிறவர்கள் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பட்டு நெய்கிற ஒருவரின் கையில், பட்டு என்று சொல்லி ஒரு நைலான் சால்வையைக் கொடுத்தவன் உன் அப்பன். மேடைக் கூட்டங்களில் ஒரே பொன்னாடை ஒரே சாயங்காலத்தில் நாலு தோளைப் பார்த்துவிட்டு வருமே, அந்த ரகச் சரக்கு. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாளோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கு எல்லா விஷயத்திலும் உண்டு.

இதை ஏன் நேரில் சொல்லாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். நேரில் பேசினால் உன் காதில் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் பேசி முடித்ததும் அதைக் கழற்றிவிட்டு, "இன்னாப்பா சொன்ன?" என்கிறாய். பத்திரிகையில் வந்தால் கடைத்தெருவில் யாராவது உன்னைப் பிடித்து நிறுத்தி ஒரு வரி விடாமல் சொல்லிவிடுவார்கள். அந்த விஷயத்தில் நம் ஊர் குறை வைக்காது. ஆனால் வருகிற திங்கட்கிழமை நீ ஓசூருக்கு வேலைக்குப் போகிறாய். இது அச்சாகி வருவதற்குள் பஸ் ஏறிவிடுவாய். அதனால் ஒரு பிரதியை எடுத்து உன் பெட்டியின் மேலேயே வைத்துவிடுவதாக உத்தேசம். போவதற்கு முன் நீ கோவிந்தன் வீட்டுக்கு ஒரு நடை போய், அவர் மகன் சரவணனைப் பார்க்க வேண்டும். கேட்கப்போவது அவ்வளவுதான். மீதியெல்லாம் உன் அப்பனுக்கு வாய் நீளம் என்பதால் வந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நம் பக்கத்தில் இரண்டு காலேஜ். பெயரைச் சொன்னால் இரண்டு பிரின்சிபாலும் கோபித்துக்கொள்வார்கள், அதனால் ஊரில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். நீ படித்தது, நான் படித்தது, மேட்டு காலேஜ். கோவிந்தன் படித்தது, இப்போது சரவணன் படிப்பது, ஏரிக்கரை காலேஜ். நமக்கு அரக்கு நிறம், அவர்களுக்குக் கிளிப்பச்சை. வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு காலேஜும் கால்பந்து ஆடும். ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர். கத்துகிறவர்கள் நாங்கள். படிப்பை முடித்து, கல்யாணம் முடித்து, தொப்பையும் வந்த பிறகும் கத்துகிறவர்கள். உன் அம்மா ஒரு முறை சொன்னாள்: "நீயும் சரி, அந்த கோவிந்தண்ணனும் சரி, பந்தைக் காலால தொட்டதே இல்ல. வாயாலயே ஆடிகினு கீறீங்க." அபாண்டம். நான் ஒரு முறை தொட்டிருக்கிறேன். பந்து கோட்டுக்கு வெளியே வந்தது, உள்ளே எத்திவிட்டேன், அது நேராக நம் கோச்சின் மூக்கில் போய் விழுந்தது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. எதிராளிக்குக் கொடி தூக்கினால் கை தட்ட வேண்டும், நமக்குத் தூக்கினால் ரெஃப்ரியின் கண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும், அந்த அளவுக்குத் தெரியும்.

நீ பிறப்பதற்கு முன்னால் இந்த மேட்ச் வேறு மாதிரி இருந்தது. ஒரு வருஷம் அவர்கள் நம் கோல் வலையை அறுத்துப்போட்டார்கள். அடுத்த வருஷம் நாம் அவர்கள் வந்த வேனின் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டோம். 'நாம்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பின் டயர் இரண்டும் நான். சோடா பாட்டில் பறந்தது, போலீஸ் வந்தது, இரண்டு பிரின்சிபாலும் மேட்சையே நிறுத்துகிறோம் என்றார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மேட்ச் இல்லாவிட்டால் வருஷம் முழுக்க நாங்கள் எதைப் பற்றிப் பேசுவது? காந்தி ரோட்டு டீக்கடையில் இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். தோற்கிற பக்கத்து ரசிகர்கள், ஜெயித்த பக்கத்து கேப்டனுக்குத் தங்கள் கையால் ஒரு பட்டுச் சால்வை போர்த்த வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. நெய்தது. அதுவும் ஜெயித்தவர்களின் நிறத்தில்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் ஆப்பு தெரிந்தது. பட்டுச் சால்வை என்றால் நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும், காய வேண்டும், பாவு போட வேண்டும், தறியில் ஏற்றி நெய்து இறக்க வேண்டும். மேட்ச் முடிந்த பிறகு ஆரம்பித்தால் சால்வை வருவதற்குள் கேப்டன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவான். ஆக, மேட்சுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே இரண்டு பக்கமும் நெய்ய ஆரம்பித்தாக வேண்டும். நாம் கிளிப்பச்சையில், அவர்கள் அரக்கில். நாம் தோற்றுவிட்டால் அவர்களுக்குப் போர்த்த, நாமே நெய்து வைக்க வேண்டும். உலகத்தில் எந்த ஊர் ரசிகனுக்காவது இப்படி ஒரு தலையெழுத்து உண்டா சொல். ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து, தோற்றால் கொடுக்க வேண்டியதற்கு ஜரிகை சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஜெயித்துவிட்டால் நெய்த சால்வை யாருக்கும் உபயோகமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும். நம் வீட்டு பீரோவில் பத்து கிளிப்பச்சைச் சால்வை இருக்கிறதே, ஏன் என்று சின்ன வயதில் கேட்பாய். ஒவ்வொன்றும் நாம் ஜெயித்த ஒரு மேட்ச். கோவிந்தன் வீட்டில் அரக்கு பன்னிரண்டு இருக்கிறது. இந்தக் கணக்கை நான் வெளியே சொல்வதில்லை.

நான் புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவன் என்பதால் சால்வைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வருஷம் ஓரத்தில் மாங்காய்க்குப் பதில் குட்டிக் குட்டிப் பந்து வருகிற மாதிரி டிசைன் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் லட்டு என்றார்கள். அந்தப் பக்கத்துப் பொறுப்பு கோவிந்தனுக்கு. அவர் வீட்டிலேயே மூன்று தறி. என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மேட்டு காலேஜ் பந்தைத் தொட்டாலே, "மேட்டு மேல ஏறி நின்னான், கோலு எங்கன்னு தேடி நின்னான்" என்று பாட்டெடுப்பார். நான் சும்மா இருப்பேனா? "ஏரிக்கரை ஏரிக்கரை, தண்ணி இல்ல வாய்க்கா வரை" என்பேன். எதுகை மோனைக்காக ஏரி வற்ற வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன், எவ்வளவு கேவலம் பார்.

அந்த நைலான் விவகாரம் நடந்தபோது உனக்கு நாலு வயது. சேத்துப்பட்டிலிருந்து ஒரு பையன் நம் காலேஜில் சேர்ந்திருந்தான். பந்தோடு ஓடினால் பின்னால் புழுதிதான் தெரியும். இவன் இருக்கும்போது நாம் எப்படித் தோற்போம் என்று எனக்கு ஒரே திமிர். முகூர்த்த மாதம் வேறு, எந்தத் தறியும் காலியாக இல்லை. தறிக்காரர்களைப் போய்க் கெஞ்ச எனக்குச் சோம்பல். எப்படியும் ஜெயிக்கப்போகிறோம், பெட்டியைத் திறக்கப்போவதில்லை, உள்ளே என்ன இருந்தால் என்ன? வேலூருக்கு ஒரு வேலையாகப் போனபோது கடையில் ஒரு கிளிப்பச்சைப் பொன்னாடை தொங்கியது. வாங்கி, மடித்து, பட்டு வைக்கிற அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே நல்ல தாளும் சுற்றிவிட்டேன். ஆரணிக்காரன் வேலூரிலிருந்து சால்வை வாங்கி வந்த வரலாறு அன்றைக்குத்தான் நடந்தது.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். சேத்துப்பட்டுப் பையனுக்கு ஹாஃப் டைமில் காலில் சுளுக்கு. கடைசிப் பத்து நிமிஷம் மைதானமே கோலைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் மட்டும் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியது. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கேப்டனுக்குப் பக்கத்தில் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போலப் பெட்டியை அவர் வாங்கி, பிரித்து, சால்வையை உதறினார். நெய்கிறவர்கள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். துணி கையில் வந்ததும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாக அதைத் தேய்த்துப் பார்க்கும். மனுஷன் வேறு எங்கோ பேசிக்கொண்டிருந்தாலும் விரல் விசாரித்துவிடும். அவர் விரலும் தேய்த்தது. நின்றது. மறுபடி ஒரு முறை தேய்த்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் பூமிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊரெட்டும் குரலில், "ஜரிகை அமோகமா போட்டுகீறீங்க டிசைன்காரரே!" என்றார். நான் போர்த்த வேண்டியதைத் தானே கேப்டன் தோளில் போட்டார், எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு பெரிய தறிக்காரர்கள் ஆசையாகத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது, "பையன் வேர்த்து ஊத்திகினு கீறான், பட்டு பாழாப்பூடும், எட்ட, எட்ட" என்று சால்வையை உருவிச் சுருட்டித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அவ்வளவுதான். அடுத்த நாள் டீக்கடையில் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அடுத்த வருஷம் அவர்கள் தோற்றார்கள். நம் கேப்டனுக்கு அவர் கொண்டுவந்த அரக்குச் சால்வையில் பார்டரைத் தனியாகக் கோத்து நெய்திருந்தார். இரண்டு பேர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. கல்யாணப் புடவைக்குச் செய்கிற வேலையைத் தோற்ற மேட்சுக்குச் செய்திருந்தார். என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கும் அடுத்த வருஷம், உனக்கு ஆறு வயது, மேட்ச் பார்க்க உன்னை முதல் முறையாக அழைத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். நீ "தெரியல, தெரியல" என்று அழுதாய். உன்னைத் தோளில் தூக்கிவைத்தேன். அப்போதும் தெரியவில்லை. என் உயரம் அப்படி. கோவிந்தன் பார்த்தார். "உங்க மாடியில ஏறினா எங்கீந்து தெரியும், இங்க குடுங்க" என்று உன்னை வாங்கித் தன் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். கிளிப்பச்சைத் துண்டு போட்ட ஆளின் தோளில், கையில் அரக்குக் கொடியோடு நீ. நாம் கோல் போட்டபோது சந்தோஷம் தாங்காமல் அவர் தலையிலேயே இரண்டு கையாலும் மேளம் அடித்தாய். சொந்த டீம் கோல் வாங்கிய வயிற்றெரிச்சலில் நின்றுகொண்டிருந்த மனுஷன், "அடிடா நைனா, நல்லா அடி, எங்க கீப்பருக்கு ஒறைக்கட்டும்" என்றார். இது உனக்கு ஞாபகம் இருக்காது. ஆறு வயதுக்காரனுக்கு யாருடைய தலை என்பதா முக்கியம்?

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நாம் ஜெயித்தோம். ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, நம் பையன் ஒருத்தன் தள்ளிவிட்ட ஒரு சோம்பேறிப் பந்து, உருண்டு உருண்டு போய், கோல்கீப்பர் சரவணனின் இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்து கோட்டைத் தாண்டியது. பத்தொன்பது வயதுப் பையன். அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் குதித்தேன். குதிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. விசில் ஊதியதும் கோவிந்தன் அரக்குச் சால்வையோடு நம் பக்கம் நடந்து வந்தார். பெற்ற பிள்ளை அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுகிறான், இவர் இந்தப் பக்கம் வந்து நம் கேப்டனுக்குப் போர்த்தி முதுகைத் தட்டிக் கொடுத்தார். நீ அதைப் பார்க்கவில்லை. நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரவணன் பக்கம் ஓடினாய்.

ஆறு மணிக்கு உன் ஸ்டேட்டஸில் வீடியோ வந்தது. பந்து காலுக்கு நடுவில் போகிறது, திரும்ப வருகிறது, மறுபடி போகிறது. பின்னணியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற சரவணனின் தலையில் ஒரு பால்புட்டி. நல்ல வேலைப்பாடு, டிசைன் போடுகிறவன் மகன் என்று நிரூபித்துவிட்டாய். பெரணமல்லூரில் இருக்கிற உன் சித்தப்பா ஏழு மணிக்கு எனக்கே அதை அனுப்பினார். நான் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை, யார் காலோ என்று நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. யார் கால் என்று தெரியும். சிரிப்பு முந்திக்கொண்டது. மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். மூன்றாவது நம் ஊர் ஜவுளித் தொழில் செய்கிறவர்களின் குரூப். அதில் கோவிந்தன் இருக்கிறார் என்பது அனுப்பிய அடுத்த விநாடி உறைத்தது. அழிக்கப் போனேன். எதை அமுக்கினாலும் என் போனில் கேமராதான் திறக்கும். ஒரு வழியாக அழிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். 'வாழ்த்துகள்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார். நான் செய்த நைலான் வேலையைவிட இது மட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பழக்கதோஷம், கால் போய்விட்டது. அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்டரிடம் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு டீ.

"இன்னாங்க டிசைன்காரரே, ஜெயிச்சும் மூஞ்சி இப்டி கீது?"

"அண்ணே, அந்த வீடியோ..."

"பார்த்தேங்க. பதினோரு வாட்டி உள்ள பூந்துது. நாங்க ஒரு கோலுதான் வாங்கினோம்னு நெனச்சிகினு இருந்தேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பையன் எப்டி கீறான்?" என்று கேட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நேத்து சாயங்காலத்துலேந்து சாப்புடலங்க. கிளவுச எட்த்துகினு போயி ராத்திரியே கோச் கைல குட்த்துட்டான். இனிமே நிக்க மாட்டானாம். அவங்க அம்மா கூப்ட்டா கதவக்கூடத் தொறக்கல."

"ஒரு கோலுக்காண்ணே? கோல் வாங்காத கீப்பர் எவன் கீறான்?"

"அதையேதாங்க நானும் சொன்னேன். கோலுக்கு இல்லியாம். 'அந்த வீடியோவ வேற எவன் போட்டிருந்தாலும் தொடச்சிப் போட்டுட்டு போயிருப்பேன் நைனா, அண்ணன் போட்டுச்சே'ன்றான். ஒங்க பையனத்தான் சொல்றான்."

அண்ணன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர்கள் தெருவில் சுவரில் கரியால் கோல் வரைந்து, அவனை நிறுத்திவைத்து மணிக்கணக்கில் பந்து அடிப்பாய். 'பந்தைப் பார்த்துப் பயப்படாத, பந்துதான் உன்னைப் பார்த்துப் பயப்படணும்' என்று பெரிய கோச் மாதிரி கத்துவாய். அவன் கீப்பர் ஆனதே உன்னால்தான். அவன் ஏரிக்கரை காலேஜில் சேர்ந்ததும் எதிராளி ஆகிவிட்டான், சரி. எதிராளி ஆன பிறகும் உன்னை அண்ணன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நானும் கிளாஸைக் கீழே வைத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, பேசக் கூடாது என்று இத்தனை வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததைப் பேசிவிட்டேன்.

"அண்ணே, ஒரு வருஷம் நான் குட்த்த சால்வை..."

"நைலான்."

"தெரியுமா?"

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க! பொட்டியத் தொறக்கும்போதே தெரியும். எங்க வூட்ல அத வச்சிதான் ரெண்டு வருஷம் கிரைண்டர மூடிகினு இருந்தாங்க."

"அப்ப ஏண்ணே அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த வருஷம் நீங்க கிரவுண்டு பக்கம் தலை வச்சிப் படுத்திருப்பீங்களா? நீங்க வரலன்னா நான் யாரப் பாத்து கத்தறது? எங்க ஆளுங்களப் பாத்தா?"

இதைச் சொல்லிவிட்டு அவர் "வரேங்க, தறி நிக்குது" என்று எழுந்து போய்விட்டார். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. வரச் சொல் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாளாக நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே காபி குடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பார்டர் டிசைன் கேட்டவர்களுக்கெல்லாம் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் கத்தாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ கத்தாவிட்டால் என் பிள்ளையா என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்பேன். ஓசூரில் உன் கம்பெனியிலும் ஒரு டீம் இருக்கும், எதிரே ஒரு டீம் இருக்கும், போய் நன்றாகக் கத்து. ஆனால் விசில் ஊதுகிற வரை கத்து. விசிலுக்குப் பிறகு கத்துவது, இலையை எடுத்த பிறகு வந்து சாம்பார் ஊற்றுகிற மாதிரி, மேலெல்லாம் கொட்டும். அந்தப் பக்கத்தையே மொத்தமாகக் கிண்டல் பண்ணு, அவர்களும் மொத்தமாகத் திருப்பித் தருவார்கள். தனியாக உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிற ஒருத்தனைக் கிண்டல் பண்ணினால் அவன் எதைக் கொண்டு திருப்பித் தருவான்? நானும் கோவிந்தனும் இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவோ சொல்லியிருக்கிறோம். அவர் என் உயரத்தைச் சொல்லாத மேட்ச் கிடையாது. எல்லாம் முகத்துக்கு நேரே, பதில் சொல்ல நேரம் கொடுத்து. போனில் அது முடியாது. நீ அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறாய், அவன் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் அந்த கோல் கம்பத்துக்கு நடுவில் வேறு எவனோ நின்றால் நீ லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து வருவாயா என்று யோசித்துப் பார். முன்பின் தெரியாத ஒருத்தனைப் பார்த்துக் கத்துவதில் என்ன ருசி இருக்கிறது? எனக்கு இது புரிய ஒரு நைலான் சால்வையும் இருபது வருஷமும் ஆயிற்று. உனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. திங்கட்கிழமை பஸ்.

போகும்போது எப்படிப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மன்னிப்புக் கேட்பதில் நான் படுதோல்வி அடைந்தவன். நைலான் விவகாரம் நடந்த மறுவாரம் கோவிந்தன் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்து "இன்னாங்க விசேஷம்?" என்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி மைசூர்பாகையும் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். நீயும் நானும்தான் அதைச் சாப்பிட்டோம். அதனால் நீ ஸ்வீட் எதுவும் எடுத்துப் போகாதே, பேச்சு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 'ஜாலிக்குப் போட்டேன்டா' என்று ஆரம்பிக்காதே. ஜாலிக்கு என்று அவனுக்கும் தெரியும், யாருடைய ஜாலிக்கு என்பதுதான் அவன் பிரச்சினை. 'மனசுல வச்சிக்காத' என்றும் சொல்லாதே, அவன் மனசில் எதை வைப்பது என்பது அவன் பாடு. போட்டது தப்பு என்று சொல். அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்கார். அவன் திட்டினால் வாங்கிக்கொள். திட்டாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார். முடிந்தால் கோச்சிடம் போய் அந்த கிளவுசை நீயே கேட்டு வாங்கி வா. அவர்கள் தெருச் சுவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பத்துப் பந்து அடித்துவிட்டு வா. ஒன்றிரண்டை அவன் பிடிக்கிற மாதிரி அடிக்காதே. கீப்பருக்கு அது தெரிந்துவிடும், வீடியோவைவிட மோசமாகிவிடும்.

உன் மேல் கோபமா என்று கேட்டால், சனிக்கிழமை ராத்திரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. வேன் டயரில் காற்றைப் பிடுங்கியவனின் பிள்ளை வேறு எப்படி இருப்பாய்? ஆனால் நீ சுவரில் கோல் வரைந்து ஒரு சின்னப் பையனுக்குப் பயம் போக்கியவன்கூட. அது என்னிடமிருந்து வந்ததில்லை, உன் அம்மா வழியில் வந்திருக்கும். ஓசூருக்குப் போகிறபோது அந்த ஆள் போனால் எனக்குப் போதும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, உன் பெட்டி மேல் வைப்பதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவன் ஞாயித்துக்கெழமையே போயிட்டு வந்துட்டானே, ஒனக்குத் தெரியாதா?" என்றாள். நான் டீக்கடையிலிருந்து வந்து குப்புறப் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ கிளம்பிப் போனாயாம். அவர்கள் வீட்டிலேயே மதியம் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டு, சரவணன் ரூமில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் திரும்பினாயாம்.